முத்துக்கரைச் சாலையில் முன்சக்கரத்து எண்ணெய்



தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர் செல்லும் கடற்கரைச் சாலையில் நீங்கள் என்றேனும் பிரயாணம் செய்திருக்கக்கூடும். முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் கடந்ததும் காயல்பட்டினம் எதிர்ப்படும். வழிநெடுக உப்பளங்கள். பாத்திகளில் தேங்கிய நீர் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு நிற்பதற்கு இந்த மாவட்டத்து உப்பளங்களே முதற்காரணம்.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கொற்கை ஒரு காலத்தில் கடல்துறை. தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய மண்ணால் கடல் பின்வாங்க, இன்று அது உள்நாட்டுச் சிற்றூர். அதன் பின் சிறந்த காயலைத்தான் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பெரும் பட்டினமாகக் குறித்துச் சென்றார். அரபுநாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய துறை அது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது. முத்துக்குளித்த நாட்களில், கல்லைப் பற்றிக்கொண்டு ஒருவர் ஆழத்தில் இறங்க, படகில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுத்தாக வேண்டும். கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடமே கொடுப்பார்கள் என்று இப்பகுதியில் சொல்வதுண்டு. தங்கை தாலி இழக்கக் கூடாதென்று அவர் கண்ணிமைக்காமல் நிற்பாராம்!

இன்றைய தூத்துக்குடியின் உயிர்நாடி அதன் துறைமுகம். 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011இல் வ.உ.சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பெற்றது அது. நிலக்கரியும் கன்டெய்னரும் உரமும் உப்பும் ஏற்றிய லாரிகள் இரவு பகல் பாராமல் வந்து போகின்றன. அந்த லாரிகளை நம்பிப் பட்டறைகள் பிழைக்கின்றன. எந்தப் பட்டறையின் முன்னாலும் சற்று நின்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒருவராவது உட்கார்ந்திருப்பார். உப்புக் காற்றும் உப்பு நீரும் இரும்பை அரிக்கும் ஊரில் சக்கரத்தின் உள்ளுறுப்புகள் மற்ற ஊர்களைவிட விரைவில் கெடுவதில் வியப்பில்லை.

ஒரு குடும்ப மாத இதழில் வண்டிச் சக்கரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நிக்காஹ்வுக்கும் உறவினர் வீட்டு வைபவத்துக்கும் கோடை விடுமுறைக்கும் நம் வீடுகளில் வேன் பிடித்துத்தானே போகிறோம்? பதினெட்டுப் பேர் அமரும் வண்டியில் இருபத்திரண்டு பேர். மடியில் குழந்தைகள், காலடியில் பலகாரப் பாத்திரங்கள். இத்தனை உயிரையும் திருப்பி நடத்துவது முன்சக்கரம் இரண்டும்தான். ஏறுமுன் அவற்றைக் குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாங்கள் முத்துநகர் விரைவு ரயிலில் தூத்துக்குடி வந்து இறங்கினோம். மாலையில் காயல்பட்டினத்தில் நிக்காஹ். ரயிலடியில் ஒரு பழைய வேனை வாடகைக்கு அமர்த்தினோம். முத்தையாபுரத்தில் தேநீருக்காக நிறுத்தியபோது, என் மைத்துனர்தான் இடப்பக்க முன்சக்கரத்தைச் சுட்டிக் காட்டினார். டயரின் உட்புறச் சுவரில், மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கறுத்த ஈரக் கோடுகள் சிதறியிருந்தன. "அது சும்மா கிரீஸ்தான் ஹஜரத், நாலு மாசமா இப்படித்தான் இருக்கு" என்றார் ஓட்டுநர். நாலு மாதமாகக் கசிகிறதென்றால் உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று மைத்துனர் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. முதியவர்களையும் பெண்கள், குழந்தைகளையும் திருச்செந்தூர் பேருந்தில் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டு, நாங்கள் நால்வர் வண்டியுடன் அருகிலிருந்த பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் அறுபதை நெருங்கியவர். அண்ணாச்சி என்றே எல்லாரும் அழைத்தார்கள். அவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். முதலில் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், மோந்தார். "பாய், எண்ணெய் எந்த வழியா வருதுன்னு தெரியாம சீல் மாத்துனா, காசுதான் போகும்; கசிவு போகாது" என்றார். அன்று அவர் செய்ததையும் சொன்னதையும் நான் அறிந்த அளவில் உங்களுக்கு எடுத்துரைக்கிறேன்.

முன்சக்கரத்தருகே ஈரம் காண்பதற்குக் காரணங்கள் பல. சக்கரத்தின் நடுவே உள்ள ஹப், அச்சின் முனையில் இரண்டு பேரிங்குகளின்மீது சுழல்கிறது. அவற்றுக்கிடையே கிரீஸ் நிரப்பியிருக்கும். உட்பக்கம் அது வெளியேறாதபடி ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் காவல் நிற்கும். வெளிப்பக்கம் ஒரு மூடி. சீல் தேய்ந்தால் எண்ணெய் உட்புறமாகச் சிதறி டயரின் உள்சுவரில் படியும். மூடி தளர்ந்தால் சக்கரத்தின் வெளிமுகத்தில் கதிர்க்கதிராகக் கோடுகள் விழும். கோடு எந்தப் பக்கம் என்பதே முதல் தடயம்.

ஆனால் உட்புறத்து ஈரமெல்லாம் ஹப்பிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதே இடத்தில் பிரேக்கின் வீல் சிலிண்டர் இருக்கிறது. அது கசிந்தால் வருவது பிரேக் எண்ணெய். ஷாக் அப்சார்பர் வெடித்துக் கசிந்தால் அதன் உடலெங்கும் நனைந்து புழுதி ஒட்டியிருக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதன் குழாயிலிருந்து வடிந்த எண்ணெயைக் காற்று சக்கரத்தின்மீது அடித்திருக்கலாம். பல வண்டிகளில் அது சிவந்த நிறமுடையது. இன்ஜின் எண்ணெயோ கறுத்து, மேலிருந்து கீழே வழிந்த தடத்தைக் காட்டும். உங்கள் வீட்டுச் சிறிய கார் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வகையைச் சேர்ந்ததாயின் இன்னொன்றும் உண்டு: சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கும். வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என ஓசை கேட்டால் மூட்டு தேயத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இவற்றுள் பிரேக் எண்ணெய்தான் ஒரு அடிகூட ஓட்டக் கூடாத கசிவு. அதைப் பிரித்தறிய அண்ணாச்சி செய்த சோதனை, எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, துணியால் ஒற்றிய ஈரத்தை அதில் பிழிந்தார். வாகனங்களில் வழக்கமாக ஊற்றப்படும் பிரேக் எண்ணெய் தண்ணீரில் கரைந்துவிடும். கிரீஸிலிருந்து பிரிந்த எண்ணெயும் மற்ற எண்ணெய்களும் மேலே மிதக்கும். எங்கள் கிண்ணத்தில் அது வானவில் நிறம் காட்டி மிதந்தது. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மட்டமும் குறையாதிருந்தது. பெரிய பேருந்துகளிலும் லாரிகளிலும் காற்றால் இயங்கும் பிரேக் இருப்பதால் அங்கே இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை என்பதையும் அவர் சொல்லி வைத்தார்.

அடுத்தது வெப்பச் சோதனை. வண்டி ஓடி நின்றவுடன் இரண்டு முன் ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். டிரம் கொதிக்கக்கூடும்; ஆகவே எடுத்த எடுப்பில் தொட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பாயின் கவலையில்லை. ஒன்று மட்டும் சுட்டால், அந்தப் பக்கம் பேரிங் இறுகுகிறது, அல்லது பிரேக் விடாமல் உரசுகிறது. எங்கள் வண்டியின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தெளிவாகச் சுட்டது.

பின்னர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். 'கடக்' என்றது. உடனே தம் பையனை ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார், ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் பிடித்தால் ஹப்பும் அச்சும் ஒன்றாகிவிடுவதால், அப்போது மறையும் ஆட்டம் பேரிங்கினுடையது. மறையாவிட்டால் கிங் பின்னில் தேய்மானம். எவ்வளவு எளிய தர்க்கம்! கல்லூரியில் தர்க்கம் படித்தவன் நான். ஆயினும் இத்தனை சுருக்கமாக ஒரு முடிவை நிறுவி நான் கண்டதில்லை.

டிரம்மைக் கழற்றியதும் உண்மை வெளிப்பட்டது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால்போல் வெளுத்த குழம்பு இருந்தது. "தண்ணி போயிருக்கு. மழையில முங்குன வண்டியா?" என்று கேட்டார் அண்ணாச்சி. ஆம் என்று தலையசைத்தார் ஓட்டுநர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இம்மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுபோக, நூற்றுக்கணக்கானோர் அங்கேயே சிக்கிக்கொண்டனர். தூத்துக்குடி நகரத் தெருக்களில் வண்டிகள் அச்சு மட்டத்துக்கும் மேலே தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்த பின் உரிமையாளர்கள் இன்ஜினைத் திறந்தார்கள், இருக்கைகளைக் காயவைத்தார்கள், மின்கம்பிகளை மாற்றினார்கள். சக்கரத்தின் உள்ளே நுழைந்த நீரை நினைத்தவர் சிலரே. எங்கள் வேனும் அவ்வாறு விடப்பட்ட ஒன்று.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ஓடிச் சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பச் சீலின் உதட்டைத் தாண்டி நீர் உறிஞ்சப்படுகிறது. எண்ணெயை உள்ளே நிறுத்துவதற்கென அமைந்த உதடு, வெளியிலிருந்து வரும் நீரை அதே வலிமையுடன் தடுப்பதில்லை. நீர் புகுந்த கிரீஸ் தன் பிசுக்கை இழந்து இளகும், இளகியது கசியும், அச்சில் துரு பிடிக்கும், துருவின் சொரசொரப்பு சீலின் உதட்டை அரம்போல் அறுக்கும். சிப்பிக்குள் புகுந்த அந்நியப் பொருள் முத்தாகும் என்பார்கள். பேரிங்குக்குள் புகுந்த மணல் முத்தாவதில்லை!

அண்ணாச்சி பழைய சீலை என் கையில் கொடுத்தார். ரப்பர் விறைத்துப் போயிருந்தது. அச்சில் சீல் அமரும் வளையத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு பள்ளத்தில் சிக்கியது. அந்தப் பள்ளம் இருக்கும்வரை எத்தனை புதிய சீல் போட்டாலும் மறுமாதமே கசியும். நான்கு மாதத்தில் இரண்டு முறை சீல் மாற்றியதாக ஓட்டுநர் அப்போதுதான் வாய்திறந்தார். அந்தப் பள்ளத்தை மூடுவதற்கு மெல்லிய எஃகு வளையம் ஒன்றை அதன்மேல் இறுக்கிப் பொருத்தினார்கள். பள்ளம் மிக ஆழமாயின் அச்சு முனையையே மாற்ற வேண்டியிருக்கும்.

பேரிங்கின் உருளைகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தபோது சில நீலம் பாய்ந்திருந்தன. அளவுக்கு மீறிச் சூடேறிய எஃகின் நிறம் அது. இப்படிப்பட்ட பேரிங் ஓட்டத்திலேயே இறுகி அச்சைக் கவ்விக்கொள்ளலாம். உடைந்தால் சக்கரமே அச்சைவிட்டுக் கழலவும் கூடும். எதிரே நிலக்கரி லாரிகள் வரிசையாக வரும் சாலையில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு பையன் இருசக்கர வாகனத்தில் நகருக்குள் சென்று புதிய பேரிங்குகளை வாங்கிவந்தான்.

இனிதான் வழக்கு வந்தது. கசிந்த எண்ணெய் பிரேக் ஷூவின் லைனிங்கை ஊறவைத்திருந்தது. தொலைபேசியில் பேசிய வண்டி உரிமையாளர், பெட்ரோலில் கழுவித் தீவைத்து எரித்து மீண்டும் பொருத்தினால் போதும் என்றார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். மேற்பரப்பு உலர்ந்தாலும், ஊறிய எண்ணெய் பிரேக் சூடானதும் திரும்ப மேலே வரும். சரி, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் புதிது போடுங்கள் என்றார் உரிமையாளர். அதற்கும் அவர் இசையவில்லை. ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். "இருபது பேர் ஏறுற வண்டி. ரெண்டு பக்கமும் மாத்துறதுன்னா மாத்துறேன். இல்லன்னா சக்கரத்தை மாட்டித் தாரேன், வேற பட்டறைக்குக் கொண்டு போங்க" என்று அவர் எழுந்துவிட்டார். வாடகைப் பணத்தில் ஒரு பகுதியை அங்கேயே முன்பணமாகக் கொடுக்க நாங்கள் ஒப்பியதும் உரிமையாளர் இறங்கி வந்தார். வாடகை வண்டிகளைக் குறைகூறுவது எளிது. ஆனால் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கேட்பவரின் வண்டியைத்தானே நாமும் தேடிப் பிடிக்கிறோம்?

பொருத்தும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. சீலின் வில் உள்ள முகம் கிரீஸ் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். சுத்தியால் ஓரத்தில் தட்டினால் சாய்ந்து அமரும்; ஆகவே அதன் அகலத்துக்கு ஒத்த குழாயை வைத்து நேராக இறக்கினார். உதட்டில் சிறிது கிரீஸ் தடவினார். உலர்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். பேரிங்கின் இடுக்குகளில் உள்ளங்கையால் கிரீஸை அழுத்தி ஏற்றினாரே தவிர, ஹப்பின் வயிறு முழுவதையும் நிரப்பவில்லை. தாராளமாகத் திணித்தால் நல்லதுதானே என்றேன். மிகையான கிரீஸ் சூடேறி விரிந்து சீலையே வெளியே தள்ளிவிடும் என்றார். வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலந்தாலும் இளகிக் கெடும் என்பதால் பழையதை ஒரு துளியும் விடாமல் வழித்தெடுத்திருந்தார். பிறகு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் சற்றுத் தளர்த்தி, இம்மியளவு ஆட்டம் மட்டும் வைத்துப் புதிய பின்னைச் செருகினார்.

மேல்நாடுகளில் வீட்டையே சுமந்து செல்லும் வண்டிகள் உண்டு. படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். நம் சினிமாக்காரர்கள் கேரவன் என்பது அதன் இனம். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்தாரும் அதை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மேல்நாட்டுப் பெரிய வண்டிகள் பலவற்றில் முன் ஹப்பில் கிரீஸுக்குப் பதில் எண்ணெயே நிற்கும். வெளிமூடியில் ஒரு கண்ணாடி. எண்ணெய் மட்டத்தை அதன் வழியே பார்த்துக்கொள்ளலாம். அந்த மூடியிலுள்ள காற்றுத் துளை புழுதியால் அடைபட்டால், சூட்டில் எழும் அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே வெளியே தள்ளும். அங்கே சீலை மாற்றுவதற்குமுன் துளையைப் பார்க்க வேண்டும். இத்தகைய வண்டிகளுக்கு இன்னொரு பகை, ஓடாமல் நிற்பது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் சீலின் உதடு உலர்ந்து ஒரே நிலையில் படிந்துவிடும். அடுத்த பிரயாணத்தில் கசியத் தொடங்கும். முகூர்த்த மாதங்களில் மட்டும் ஓடி, மற்ற மாதங்களில் வேப்பமரத்தடியில் நிற்கும் நம்மூர்க் கல்யாண வேன்களுக்கும் இது பொருந்தும்.

வேலை முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வலப்பக்க ஹப்பையும் திறந்து பார்த்தார். அங்கும் கிரீஸ் வெளுக்கத் தொடங்கியிருந்ததால் அதையும் கழுவிப் புதிதாக இட்டார். லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பழையகாயலைத் தாண்டி, தாமிரபரணிப் பாலம் கடந்து, வெற்றிலைக்குப் பேர்பெற்ற ஆத்தூரில் நிறுத்தி இரண்டு ஹப்புகளிலும் புறங்கையை வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு. இடப்பக்க டயரின் உட்சுவரைத் துடைத்து வைத்திருந்தோம். அதில் புழுதி மட்டுமே படிந்திருந்தது. அஸருக்குள் காயல்பட்டினம் சேர்ந்துவிட்டோம்.

கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி ஓட்டுநரிடம் இருமுறை சொல்லியிருந்தார். மறுநாள் காலை நாங்கள் திரும்பும்போது, ஆறுமுகநேரியில் வண்டியை நிறுத்தி, எதிரெதிர் நட்டுகளாக ஒவ்வொன்றையும் இறுக்கினார் ஓட்டுநர். இடப்பக்கத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்று ஏறின.